பாத்திரத்தில் வெட்டிய தேதி

குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருக்கிறது. விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயரும் '9.6.84' என்ற தேதியும் வெட்டியிருக்கும். கல்யாணச் சீரில் வந்த வாளி. கைப்பிடிக் கம்பியை ஒருமுறை மாற்றியிருக்கிறோம். அடியில் ஒரு சொட்டை விழுந்திருக்கிறது. இன்றும் மீன் வாங்கப் போகும்போது கையில் அதுதான் இருக்கும்.

போன ஆடி மாதம் அடுக்களையை ஒதுக்கியபோது, தேதி வெட்டிய பாத்திரங்களைத் தனியே எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். 1984, 1991, 1998, 2006. கல்யாணத்துக்கு வந்தவை, பால்காய்ப்புக்கு, அதாவது புதுவீடு குடிபோனதற்கு வந்தவை, பிள்ளை பிறந்ததற்கு வந்தவை. ஒன்றுகூட ஒழுகவில்லை. அதே நாளில் வேண்டாம் என்று ஒதுக்கியவை ஒரு சாக்கு நிறைய இருந்தன. டப்பா இல்லாத 11 மூடிகள், மூடி இல்லாத டப்பாக்கள், பூச்சு உரிந்த நான்ஸ்டிக் சட்டி, சூடு நிற்காத இரண்டு பிளாஸ்க்குகள், விளிம்பு உடைந்த மெலமைன் தட்டுகள். இவற்றில் எதுவும் ஆறு வருடத்துக்கு மேல் பழையது இல்லை. வாங்கும்போது எல்லாமே 'திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்' என்ற எண்ணத்தில் வாங்கியவைதான்.

ஒரு பொருள் நீடித்து உழைக்குமா என்பதை அதன் அட்டையில் எழுதியிருப்பதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பொருள் எந்த ஊரில், எந்தக் காற்றில், யார் கையில் இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்தது அது. பல வருடம் தவறாக வாங்கிய பிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: விலையைக் கேட்பதற்கு முன்பு, 'இது கெட்டால் யார் சரிசெய்வார், அவர் எத்தனை பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறார்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும் பொருள்தான் ஏழைக்கும் கட்டுப்படியாகும்.

முதலில் இந்த ஊரின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை. கடலோரத்தில் சன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காற்றில் வரும் உப்புத்துகளில் குளோரைடு இருக்கிறது. ஈரமும் குளோரைடும் சேர்ந்தால் இரும்புக்கு மட்டுமல்ல, துருப்பிடிக்காது என்று நாம் நம்பும் எவர்சில்வருக்கும் ஆபத்துதான்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமாகப் பரப்பை மூடிக்கொள்கிறது. கீறினாலும் படலம் தானாகவே மறுபடி உருவாகிவிடும். குளோரைடு அந்தப் படலத்தைத்தான் அங்கங்கே துளைக்கிறது. ஊசி குத்தியது போன்ற சிறு பள்ளங்கள் விழுகின்றன. உப்புப் போட்டு வைத்த டப்பாவின் அடியிலும், மாங்காய் ஊறுகாய் வைத்த பாத்திரத்தின் கழுத்திலும் தெரியும் பழுப்புப் புள்ளிகள் அவைதான்.

கடையில் எல்லா எவர்சில்வரும் ஒரே மாதிரி பளபளக்கும். உள்ளே இருப்பது வேறு வேறு. 304 என்ற ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதனால்தான் சில பாத்திரங்களில் 18/8 என்று பொறித்திருக்கிறார்கள். 202 என்ற ரகத்தில் நிக்கலை 4 முதல் 6 சதவீதமாகக் குறைத்து, அதன் இடத்தில் மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, உப்பைத் தாங்கும் திறனும் குறைவு. 430 என்ற ரகத்தில் நிக்கல் சேர்ப்பதில்லை. அது காந்தத்தில் ஒட்டும். கடைக்குப் போகும்போது சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோகும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது பாதி மட்டுமே உதவும். பலமாக ஒட்டினால் 304 இல்லை என்று சொல்லிவிடலாம். ஒட்டாவிட்டால் 304 என்று சொல்லிவிட முடியாது, 202ம் ஒட்டாது. அடித்து வளைத்த இடங்களில் நல்ல 304கூட லேசாக ஒட்டும். ஆகவே காந்தத்தோடு பொறிப்பையும் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐஎஸ் 14756 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அவற்றுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024இல் ஆணை பிறப்பித்தது.

எல்லாவற்றையும் 304இல் வாங்க வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, சீனி போடும் டப்பாக்களுக்கு 202 தாராளமாகப் போதும். உப்பும் புளியும் மீனும் படும் பாத்திரத்துக்கும், பிள்ளைகள் சோறு கொண்டுபோகும் பாத்திரத்துக்கும் மட்டும் கூடுதல் காசு கொடுக்கலாம். கையில் எடுத்துப் பார்க்கும்போது கனத்தைக் கவனியுங்கள். விளிம்பைச் சுருட்டி மடக்கியிருந்தால், அந்த மடிப்பு முழுதாக மூடியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் தண்ணீர் அங்கே தங்கி, துரு அங்கிருந்துதான் தொடங்கும். கைப்பிடியைப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்திருக்கிறார்களா, ஆணி வைத்து அடித்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். ஆணி தளர்ந்தால் உள்ளூரிலேயே மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு நம் கையில் இருப்பது கொஞ்சம் கவனம். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்ட கல்லுப்பு அடியில் அப்படியே கிடந்தால் அந்த இடத்தில் பள்ளம் விழும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் எவர்சில்வரை ஊறவைக்கக் கூடாது. இரும்புக் கம்பிச் சுருளால் தேய்த்தால் அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் பாத்திரத்தில் ஒட்டி அவை துருப்பிடிக்கும். பாத்திரமே துருப்பிடித்தது போலத் தெரியும். இங்கே தெங்கு இருக்கும் வீடுகளில் கதம்பலுக்கு, அதாவது தேங்காய் மட்டைக்குப் பஞ்சமில்லை. அந்த நாரில் 40 சதவீதத்துக்கு மேல் லிக்னின் என்ற கெட்டியான மரப்பொருள் இருப்பதால் சீக்கிரம் மக்காது. கழுவி முடித்ததும் ஆணியில் தொங்கவிட்டு உலர்த்தினால் ஒரு கைப்பிடி நார் பல வாரம் வரும். தொட்டிக்குள் ஈரமாகவே போட்டுவைத்தால் நாற்றம் எடுத்துவிடும்.

இந்தப் பாத்திரங்களை எல்லாம் சாகடிப்பது பெரும்பாலும் மூடி. டப்பா நன்றாக இருக்கும். மூடியின் பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்திருக்கும், அல்லது ரப்பர் வளையம் தளர்ந்திருக்கும். என் சாக்கில் இருந்த 11 மூடிகள் அதற்குச் சாட்சி. நான் ஒருமுறை தபாலில் வரவழைத்த எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்று மூன்றே மாதத்தில் சூடு நிற்காமல் போனது. விற்றவர்களிடம் கேட்டால், பழுதுபார்க்கும் இடம் வேறு மாவட்டத்தில்தான் என்றார்கள். அனுப்பும் செலவு பிளாஸ்க் விலையில் பாதிக்கு வந்தது. இப்போது வாங்குவதானால் கடையிலேயே சோதித்து வாங்குகிறேன். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் சரியாக இருந்தால் வெளியே சூடு தெரியாது. சூடு தெரிந்தால் வெற்றிடம் போய்விட்டது, அதைச் சரிசெய்ய வழியில்லை. வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்தால் அப்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிரஷர் குக்கருக்குக் கேஸ்கட் எல்லா ஊரிலும் கிடைப்பதால்தான் பழைய குக்கர்கள் இன்னும் விசிலடித்துக்கொண்டிருக்கின்றன.

விலை விஷயத்தை இங்கேயே பேசிவிடலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு 150 ரூபாயில் ஒரு பிளாஸ்டிக் சோற்று டப்பா வாங்குகிறோம், ஒரு கல்வியாண்டில் 220 நாள் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 68 பைசா ஆகிறது. 700 ரூபாயில் நல்ல எவர்சில்வர் டப்பா வாங்கி, அது அண்ணனிடமிருந்து தங்கைக்குக் கைமாறி 15 வருடம் வந்தால் நாளைக்கு 21 பைசா. கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் பீஸ், நோட்டு, செருப்பு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போது அந்த 700 ரூபாய் கையில் இருக்காது. நீடித்து உழைக்கும் பொருளை வாங்குங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பாத்திரக்கடைகளில் மாதச் சீட்டுப் பிடித்து வாங்கும் வழக்கம் இதற்காகத்தான் வந்தது. நாலு டப்பா கொண்ட செட்டாக வாங்காமல், ஆறு மாதத்துக்கு ஒன்றாக, ஒரே அளவில், ஒன்றின் மூடி மற்றொன்றுக்கும் பொருந்துகிற மாதிரி வாங்கலாம். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் சேர்க்கிறோம்.

வாங்கவே வேண்டாத பொருள்களும் உண்டு. ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கும் குட்டுவமும் அண்டாவும் வருடத்தில் ஒருநாள்தான் தேவைப்படும். கோயிலிலும் தேவாலயத்திலும் ஊர்க் கமிட்டியிலும் வாடகைக்குப் பாத்திரம் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதில் ஊர்ப் பெயர் பெரிதாக வெட்டியிருக்கும். ஒரே அண்டா நூறு வீட்டுக் கல்யாணத்துக்கு உழைக்கிறது. காகித பிளேட்டும் பிளாஸ்டிக் பூசிய கப்பும் வந்த பிறகு இந்தத் தட்டுகளும் டம்ளர்களும் பல ஊர்களில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிக் கழுவிப் பயன்படுத்துவதை ஒரு குறைவாக நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மண்சட்டிக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் மீன்கறி வைக்க மண்சட்டியை விட்டால் வேறு பாத்திரம் மனதுக்குப் பிடிக்காது. காரணம் ருசி மட்டும் இல்லை. புளியின் அமிலம் அலுமினியத்தை அரிக்கும், இரும்பில் பட்டால் கறி கறுக்கும், ஈயம் பூசாத பித்தளையில் பட்டால் களிம்பு ஏறும். சுட்ட மண் புளிக்கு அசையாது. விலையும் குறைவு. ஆனால் வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றினால் விரிசல்தான்.

வாங்கும்போது சட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நன்றாக வெந்த சட்டி. தட்டையாக, மந்தமாகக் கேட்டால் எங்கேயோ கீறல் இருக்கிறது, அல்லது சூளையில் சரியாக வேகவில்லை. கறுப்புச் சட்டி வேண்டுமானால் ஈரத்துணியால் உள்ளே அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சூளையில் காற்றைக் குறைத்துப் புகையில் கறுத்த சட்டியில் நிறம் போகாது. சாயம் பூசியதில் துணி கறுக்கும். பளபளவென்று வண்ணக் கண்ணாடிப் பூச்சு உள்ள சட்டிகளைச் சமையலுக்கு வாங்க வேண்டாம், அந்தப் பூச்சுகளில் காரீயம் இருக்க வாய்ப்புண்டு.

பழக்குவதுதான் அதற்கடுத்த வேலை. எங்கள் வீட்டில் அம்மா ஒரு இரவு முழுக்கச் சட்டியைத் தண்ணீரில் முக்கி வைப்பார். காலையில் அதில் குமிழிகள் அடங்கியிருக்கும். பிறகு சோறு வடித்த கஞ்சித்தண்ணீரை முக்கால் சட்டி ஊற்றி, சின்னத் தீயில் கொதிக்கவிட்டு, சட்டியிலேயே ஆறவைப்பார். இப்படி மூன்று நாள். கஞ்சியிலுள்ள மாவு சட்டியின் நுண்துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. நாலாம் நாள் நன்றாகக் காய்ந்த சட்டியில் உள்ளும் புறமும் தேங்காய் எண்ணெய் தடவி, தீயில் மெதுவாகச் சூடேற்றி, எண்ணெய் இழுத்ததும் இறக்குவார். அதற்குப் பிறகுதான் முதல் கறி. கேஸ் அடுப்பின் தீ அடியில் ஒரே இடத்தில் குத்துவதால் முதல் ஐந்து நிமிடம் சிம்மில்தான் வைக்க வேண்டும். பழைய தோசைக்கல் ஒன்றை நடுவில் வைத்தால் இன்னும் பத்திரம். சோப்புப் போட்டுக் கழுவினால் சோப்பும் துளைக்குள் போகும். வெந்நீரும் நாரும் சாம்பலும் போதும். மழைக்காலத்தில் ஈரமாகக் கவிழ்த்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அடுப்புத் திட்டின் ஓரத்தில் சூட்டில் காயவைக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் கை தவறி விழும் வரை அந்தச் சட்டி இருக்கும்.

பித்தளையில் இப்போது பலருக்குத் திடீர் ஆசை வந்திருக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளி, மோர், தக்காளி எதுவானாலும் அதில் வைக்க வேண்டுமானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். இந்த 'ஈயம்' என்ற சொல் நம்மைக் குழப்பிவிடுகிறது. பூச வேண்டியது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகும் சாதுவான உலோகம். காரீயம் நஞ்சு. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை வைத்துப் பஞ்சால் ஒரே இழுப்பில் பரப்பும் கைவேலையைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். இன்று அந்தத் தொழிலாளிகள் குறைந்துவிட்டார்கள். மலிவாகப் பூசித் தருகிறோம் என்பவர்கள் காரீயத்தைக் கலந்துவிட்டால் நமக்குக் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. தெரிந்த, நம்பகமான பூச்சுக்காரர் ஒருவர் எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் பித்தளை வாங்குங்கள். இல்லாவிட்டால் அது அலமாரியில் நிற்கும் அழகுப் பொருளாகத்தான் முடியும்.

இரும்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரும்புச் சீனிச்சட்டியும் தோசைக்கல்லும் எங்கள் ஊர்க்காற்றில் இரண்டே நாளில் துருப்பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் துரு மேலோட்டமானது. தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகச் சூடாக்கி, எண்ணெய் தடவினால் பழையபடி ஆகிவிடும். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடையும், அதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நான்ஸ்டிக் சட்டி நேரெதிர். வாங்கிய அன்று அதைப் போல் சுகம் வேறில்லை. பூச்சு உரிந்த அன்று அதற்கு மருந்தே இல்லை. அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறுஞ்சட்டியைப் பெருந்தீயில் மறந்து வைத்தால் சில நிமிடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். கத்தி விஷயத்திலும் இப்படித்தான். லாரிப் பட்டா (வில்பட்டை) இரும்பை அடித்து உள்ளூர்க் கொல்லப்பட்டறையில் செய்த வெட்டுக்கத்தி துருப்பிடிக்கும், கறை பிடிக்கும். ஆனால் கல்லில் தீட்டத் தீட்ட மூன்று தலைமுறைக்கு வெட்டும். கைப்பிடி போனால் வேறு போட்டுக்கொள்ளலாம்.

பைகளைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தைப் பற்றி எழுத முடியாது. 2009, 2010 வாக்கில் அன்றைய மாவட்ட ஆட்சியர் ராஜேந்திர ரத்னூ காலத்தில் பிளாஸ்டிக் பைகளை ஒழிக்கும் இயக்கம் இங்கே தீவிரமாக நடந்தது. மாநிலம் முழுவதும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1ஆம் தேதி. துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. குமரி இதில் ஏறத்தாழ பத்து வருடம் முந்திக்கொண்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அதனாலேயே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். துணிப்பை வாங்கினாலே புண்ணியம் என்பது சரியில்லை. பருத்தி விளைவிக்கத் தண்ணீர், உரம், நூற்க நெய்ய மின்சாரம் எல்லாம் செலவாகிறது. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் பார்த்தால் ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான் ஒருமுறை பயன்படுத்தி வீசும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமையின் 2018 ஆய்வு, காலநிலைக் கணக்கில் 52 தடவை என்றும், ஓசோன் படலப் பாதிப்பு உட்பட எல்லாக் கணக்கையும் சேர்த்தால் 7,100 தடவை என்றும் சொன்னது. இந்தக் கணக்குகளில் கடலுக்குப் போய் மீன் வயிற்றில் சேரும் பிளாஸ்டிக்கின் பாதிப்பு சேரவில்லை. கடற்கரை மாவட்டத்துக்கு அதுதான் பெரிய கணக்கு. இருந்தாலும் ஆய்வு சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாரம் இரண்டு தடவை சந்தைக்கு எடுத்துப் போகும் பை 16 மாதத்தில் 131ஐத் தாண்டிவிடும். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கிடைத்து, பீரோவில் மடித்து வைத்த 30 பைகள் தாண்டாது.

இதற்கு நல்ல வழி புதிதாகப் பை வாங்காமல், கிழிந்த வேட்டியையும் பழைய பருத்திச் சேலையையும் தைப்பது. அந்தத் துணிக்கான பருத்தி எப்போதோ விளைந்து முடிந்துவிட்டது. அடிப்பக்கத்தில் இரட்டைத் தையல், கைப்பிடி சேரும் இடத்தில் குறுக்குத் தையல், கைப்பிடியை வாய்ப்பகுதியோடு நிறுத்தாமல் பையின் அடிவரை நீட்டித் தைப்பது, இந்த மூன்றும் இருந்தால் வடசேரி சந்தையிலிருந்து எட்டுக் கிலோ காய்கறி தூக்கி வரலாம். துணி போலவே தோன்றும் நெய்யாத பைகளை மட்டும் துணி என்று நம்பிவிட வேண்டாம். அவை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 14 பொருள் தடைப் பட்டியலில் அவையும் இருக்கின்றன. ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், குறுக்கும் நெடுக்குமான இழை இருக்காது. மீனுக்குத் துணிப்பை உதவாது. 1984 வாளி அங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக்கை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தூக்கி எறிந்துவிட்டு எவர்சில்வர் வாங்குவது இரட்டைச் செலவு. அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், ஓரளவு சூடு தாங்கும். 2ம் கெட்டியானது. 1 என்றால் தண்ணீர், குளிர்பானம் விற்கும் பாட்டில்; 70 டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். சீரகம் போட்டுக் காய்ச்சிய சுடுவெள்ளத்தை அதில் ஊற்றி அனுப்பக் கூடாது. அதில் விதையோ உளுந்தோ போட்டு வைக்கலாம். கீறல் விழுந்தவை உணவுக்கு வேண்டாம், ஆணி போடவும் கிளிப் போடவும் ஆகும்.

துவர்த்து, அதாவது துவட்டும் துண்டு பற்றி ஒரு வார்த்தை. தடித்த டர்க்கித் துண்டு வறண்ட ஊருக்கு நல்லது. ஆனி, ஆடியில் இங்கே அது மூன்று நாளானாலும் காயாது. முடை நாற்றம் வந்து, வெந்நீரில் ஊறி, நாரும் வலுவிழக்கும். மெல்லிய கைத்தறித் துவர்த்து காற்றாடும் திண்ணையில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். விலையும் டர்க்கித் துண்டை ஒப்பிட்டால் சொற்பம். நைந்த பிறகு சட்டி இறக்கும் கைத்துணி, அதற்குப் பிறகு தரை துடைக்கும் துணி. இவ்வளவு நீண்ட வாழ்க்கை வேறு எந்தத் துணிக்கும் கிடையாது.

ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் தலைவிளக்கும் யோசிக்க வேண்டிய பொருள். விடியலுக்கு முன், குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும். அதனால் இருட்டில் விளக்கு இல்லாமல் வேலை இல்லை. சார்ஜ் ஏற்றும் விளக்கை வாங்கும்போது பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா என்பதைக் கேளுங்கள். உள்ளேயே வைத்து ஒட்டிவிட்ட விளக்கு, பேட்டரி தளர்ந்ததும் முழுதாகக் குப்பைக்குப் போகும்.

குடை விஷயத்தில் என் ஆசான், பஸ் நிலையத்துக்கு வெளியே சாக்கு விரித்து உட்காரும் ஒரு பெரியவர். மழை தொடங்கினால்தான் வருவார். முன்னால் ஒரு தகர டப்பா, அதில் வகைவகையான கம்பிகள், செம்பு ஆணிகள், கறுப்பு நூல். போன வருடம் நான் கொண்டுபோன இரண்டு குடைகளில் ஒன்றை விரித்தார். எட்டுக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தடவி, மூட்டு ஒன்றில் நின்றார். கம்பி முறியவில்லை, கம்பியைக் கோக்கும் சின்ன ஆணி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. குறடால் பழையதைத் தட்டி எடுத்து, செம்பு ஆணி ஒன்றைச் செருகி, கருங்கல் துண்டின் மேல் வைத்து இரண்டு தட்டு. முடிந்தது. இன்னொன்றை விரிக்கவே இல்லை.

"மக்களே, நீளக் குடையானால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கொண்டு வா. இந்த மூன்று மடக்குக் குடைக்கு மூட்டு அதிகம். ஒரு மூட்டை நான் சரியாக்கினால் அடுத்த காற்றில் மற்றொன்று போகும். இதற்குச் சாமானும் கிடைக்காது" என்றார்.

அவர் சொன்னது குடைக்கு மட்டும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. மடிக்க மடிக்கச் சிறிதாகும் பொருள், பல வேலை செய்யும் பொருள், ஒரு பொத்தானில் திறக்கும் பொருள் எதுவானாலும் அதன் மூட்டுகளை எண்ணிப் பார்க்கிறேன் இப்போது. கம்பி கண்ணாடி இழையாக இருந்தால் துருவுக்குப் பயமில்லை. ஆனால் அதைக் கோக்கும் ஆணியும் நடுத்தண்டும் இரும்பாகத்தான் இருக்கும். நனைந்த குடையைச் சுருட்டிக் கட்டி வைக்காமல் விரித்து உலரவிட்டால் பாதிப் பழுது வராது.

அந்தச் சாக்கை ஆவணி பிறந்த பிறகு ஆக்கர் கடைக்கு எடுத்துப் போனேன். பழைய பொருள் எடுக்கும் அந்தக் கடைக்காரர் கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்றை எல்லாவற்றின் மேலும் ஓட்டினார். ஒட்டியது ஒரு பக்கம், ஒட்டாதது ஒரு பக்கம். நான்ஸ்டிக் சட்டியின் கைப்பிடியைத் தட்டிக் கழற்றிவிட்டு அலுமினியத்தோடு போட்டார். பிளாஸ்க்குகளை எவர்சில்வரோடு நிறுத்தார். 11 மூடிகளில் எண் போட்டிருந்த ஏழு மூடிகளை எடுத்துக்கொண்டார். கூடவே கொண்டுபோயிருந்த, அடி ஓட்டையான பழைய பித்தளைச் செம்பைத் தராசில் தனியாக வைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதற்கு அதிகம் கொடுத்தார். மெலமைன் தட்டுகள் நான்கையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு என் பையிலேயே திரும்ப வைத்தார்.